கோட்டைமேட்டுக்கு முப்பது மீட்டர்

கில்டோரன் பால் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் டிம்ப்னா கீகன் பார்த்தது ஒரே வேலைதான். விவசாயிகள் கொண்டுவரும் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று சோதித்துச் சொல்வது. கண்ணாடிக் குழாயைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடிப்பாள், எண்ணைச் சொல்வாள், அடுத்த குழாயை எடுப்பாள். "நல்லாப் பாரு டிம்ப்னா, நேத்து இதே மாடு எவ்வளவு கெட்டியாக் கறந்துச்சு தெரியுமா" என்று குழைகிறவர்கள் உண்டு. தண்ணீர் கலந்து மாட்டிக்கொண்டு மேசையைத் தட்டுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: "குழாய்ல இருக்கிறதைச் சொல்றேன். மாட்டுக்கிட்ட நீங்களே பேசிக்கோங்க." பாதிரியாரின் தம்பி கொண்டுவந்த பாலையே ஒருமுறை திருப்பி அனுப்பியவள் அவள்.

ஆலையை மூடியபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; கேட்ட இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொன்னதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. அப்பா இறந்தபோது பண்ணையைப் பிரித்து எழுதியிருந்தார். வீடும் மாட்டுத்தொழுவமும் சரளை மேட்டு நிலமும் தம்பி ஃபோன்சிக்கு. சாலையோரத்துச் சின்ன வீடும் இரண்டு வயல்களும் டிம்ப்னாவுக்கு. அந்த இரண்டில் ஒன்றின் நடுவில்தான் கோட்டைமேடு இருந்தது. "எனக்கு நிலத்தைக் கொடுத்துட்டு உனக்கு மலையைக் கொடுத்துட்டாருடி அப்பா" என்று ஃபோன்சி சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மேடு என்றால் மூன்று மாடி உயரம். பெரிய சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். சரிவு முழுக்கப் புல், ஒரு பக்கம் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர், உச்சியில் வளைந்த ஒரு முள்மரம். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வந்திறங்கிய நார்மன் குதிரைவீரர்கள் ஊர்க்காரர்களைக் கூடை சுமக்க வைத்து அந்த மண்ணைக் குவித்தார்கள். உச்சியில் மரக்கோபுரம் கட்டிக்கொண்டு நாலு திசையையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கோபுரம் எப்போதோ போய்விட்டது, மண் மட்டும் நின்றுவிட்டது. அது பாதுகாக்கப்பட்ட சின்னம், அதில் ஒரு மண்வெட்டி பட்டாலும் குற்றம் என்று அரசாங்கம் அனுப்பிய கடிதம் அப்பாவின் கடிகாரத்துக்குப் பின்னால் வெகுகாலம் செருகியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கடிதமே வேண்டியிருக்கவில்லை. அது தேவதைகள் குடியிருக்கும் மேடு, தொட்டால் கை விளங்காமல் போய்விடும் என்று அவர்களாகவே ஒதுங்கிப் போவார்கள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் பிப்ரவரியில் ஃபோன்சி அவள் சமையலறைக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தால் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"சரளை மேட்டை மார்ட்டி கன்னிஃபுக்குக் குத்தகைக்கு விட்டுட்டேன்" என்றான். "எட்டு வருஷத்துக்கு. சாலை போடறவனுங்க எல்லாரும் சரளைக்கு அலையறானுங்க."

"மேட்டுப் பக்கம் வருமா?"

"உன் மேடு உன் வயல்ல இருக்கு. குழி என் நிலத்துல. நடுவுல வேலி இருக்குல்ல?"

"வேலியைத் தாண்டி மண்ணு சரியாதா? தோண்டறதுக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டு."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்மேல இருக்கு. கடிதத்தைக் காட்டு."

அவன் பையிலிருந்து எடுத்துப் போட்டான். டிம்ப்னா கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்பது பக்கமும் படித்தாள். ஏழாவது பக்கத்தில் இருந்தது: பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் விளிம்பிலிருந்து முப்பது மீட்டருக்குள் எதையும் தோண்டக் கூடாது. அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். "சரி, தோண்டச் சொல்லு" என்று தேநீர் ஊற்றினாள். சரளை எடுப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் வீட்டு முற்றமே அந்தச் சரளையில் போட்ட காங்கிரீட்தான்.

அடுத்த சனிக்கிழமை நகரத்து இரும்புக் கடையில் ஐம்பது மீட்டர் அளவு நாடா ஒன்று வாங்கி வந்தாள்.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் அளந்தாள். மேட்டின் அடிவாரத்தில் கிடந்த ஒரு தட்டைக் கல்லில் நாடாவின் நுனியை வைத்து, அதன்மேல் இன்னொரு கல்லைப் பாரமாக ஏற்றிவிட்டு, வேலியைத் தாண்டிக் குழியின் விளிம்பு வரை போவாள். லாரிக்காரர்களுக்கு அது நல்ல வேடிக்கை.

"என்ன டிம்ப்னா, மேட்டுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"கோட்டு. உன் லாரி போடற புழுதிக்குச் சட்டை தாங்காது."

"பொத்தான் எத்தனை?"

"உன் வாய்க்கு ஒண்ணு போதும்."

முதல் வேனிலில் நாற்பத்தாறு மீட்டர் இருந்தது. இலையுதிர் காலத்தில் நாற்பது. அடுத்த வசந்தத்தில் முப்பத்து நாலு. மே மாதக் கடைசியில் முப்பத்தொன்று. அன்றைக்குக் குழியின் ஓரத்தில் கன்னிஃப் நின்றிருந்தான். நல்ல தோல் ஜாக்கெட், சேறு படாத பூட்ஸ். எல்லோரிடமும் இனிமையாகப் பேசுகிறவன்.

"முப்பத்தொண்ணு இருக்கு. இதோட நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு மீட்டர் பாக்கி இருக்கே, அதை ஏன் விடணும்?" என்று அவன் சிரித்தான். "கவலைப்படாதீங்க டிம்ப்னா. எழுதினது எழுதினபடி நடக்கும்."

எழுதினது எழுதினபடி நடந்தால் போதுமா என்பதுதான் டிம்ப்னாவை அரித்துக்கொண்டிருந்தது. சின்னத்தின் விளிம்பு என்று எழுதியிருந்ததே, அந்த விளிம்பு எங்கே இருக்கிறது? மண்ணை அள்ளிக் குவித்தவர்கள் அதை எங்கிருந்து அள்ளியிருப்பார்கள்? மேட்டைச் சுற்றித்தானே? மேட்டடியில் ஒரு வளையம்போலப் பூமி எப்போதும் ஈரமாகவே இருக்கும். கோரைப்புல் முளைக்கும், மாரியில் கன்றுகள் முட்டிவரை புதையும். தூர்ந்துபோன அகழியாக இருக்குமோ என்று ஆலையில் இருந்த காலத்திலேயே அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. அகழியும் சின்னத்தில் சேர்த்தி என்றால் அவள் கல்லை வைத்த இடமே தப்பு. ஒரு வருஷமாகத் தப்பான இடத்திலிருந்து அளந்திருக்கிறாள்.

அந்தக் கோடையில் மழையே இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கோடை யாருக்கும் நினைவில் இல்லை. ஜூலை நடுவில் வயல்கள் பழுப்பாகிவிட்டன. ஒரு மாலை வைக்கோல் கொட்டகையின் கூரைத் தகடு ஒன்று ஆடுகிறது என்று ஏணி போட்டு ஏறினாள். திரும்பிப் பார்த்தவள் ஆணியை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டாள். பழுப்பு வயலின் நடுவில் மேடு. மேட்டைச் சுற்றி, காம்பஸ் வைத்து வரைந்தது போல, பச்சைப் புல் வளையம். அகலம் ஒன்பது பத்து மீட்டர் இருக்கும். சுற்றுமுற்றும் எல்லாம் காய்ந்து கிடக்க, ஆழத்தில் சேறு இருந்த இடம் மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது.

தபால்காரரிடம் கேமரா இரவல் வாங்கிவந்து கூரைமேல் உட்கார்ந்து ஒரு சுருள் முழுக்க எடுத்தாள். படம் கழுவி வர எட்டு நாள் ஆயிற்று. நல்லதாக நாலைத் தேர்ந்தெடுத்து, கன்னிஃபின் குழியை மையால் வட்டமிட்டு, ஒரு பக்கக் கடிதத்துடன் தலைநகரத்தில் உள்ள சின்னங்கள் இலாகாவுக்கு அனுப்பினாள். கடிதத்தின் கடைசி வரி: "என் கணக்குப்படி இப்போது மீதி இருப்பது இருபத்திரண்டு மீட்டர். தப்பாக இருந்தால் நேரில் வந்து காட்டவும்."

பத்தாவது நாள், ஒரு வியாழக்கிழமை, ஃபெர்கல் மேங்கன் என்ற தொல்லியல் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. கையால் திருகி மண்ணெடுக்கும் நீளமான துளைப்பானைக் கொண்டுவந்திருந்தார். பச்சை வளையத்துக்கு வெளியே திருகினார். முழங்கை ஆழத்திலேயே மஞ்சள் சரளை தட்டியது. வளையத்துக்குள் திருகினார். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். அல்வாபோல வழவழவென்று கறுப்புச் சேறு வந்தது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அகழிதான் மிஸ் கீகன். சந்தேகமே இல்ல."

"அப்ப அளவு?"

அவரும் நாடா பிடித்தார். "இருபத்தொண்ணே முக்கால்."

"நான் கால் மீட்டர் தாராளமா விட்டுட்டேன்" என்றாள் டிம்ப்னா. "எப்ப நிறுத்துவீங்க?"

"உத்தரவு எழுதி, கையெழுத்தாகி, நான் கையில கொண்டுவந்து கொடுக்கணும். நடுவுல திங்கக்கிழமை பொது விடுமுறை. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால முடியாது."

குழியின் அந்தப் பக்கத்திலிருந்து கன்னிஃப் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றான். கையை உயர்த்தி வணக்கம்கூடச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஊர்க் கடையில் ரொட்டி வாங்கப் போனபோது விஷயம் அவள் காதுக்கு வந்தது. விடுமுறை நாட்களிலும் வேலை உண்டு, இரட்டைக் கூலி என்று கன்னிஃப் ஆட்களிடம் சொல்லியிருக்கிறான். உத்தரவு வருவதற்குள் வேலி வரை வழித்தெடுத்துவிட்டால் அப்புறம் எதைக் காப்பாற்றுவது? மேட்டுச் சரிவு தானாகவே உட்கார்ந்துவிடும். கடைக்காரி கவலையோடு சொன்னாள்: "விடு டிம்ப்னா. தேவதைங்க பார்த்துக்கும்."

"தேவதைங்க பொக்லைனுக்கு முன்னால வந்து நிக்குமா?"

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு கன்னிஃபின் ஆள் பாட்ஸி ஹால்பின் பொக்லைனைக் கிளப்பிக்கொண்டு குழிக்குள் இறங்கினான். நிமிர்ந்து பார்த்தால், தலைக்கு மேலே, குழியின் விளிம்பிலிருந்து நாலடி தள்ளி, சமையலறை நாற்காலியில் டிம்ப்னா உட்கார்ந்திருந்தாள். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், மடியில் ரொட்டிப் பொட்டலம்.

பாட்ஸி இயந்திரத்தை நிறுத்தினான். "டிம்ப்னா! எழுந்து போ! மண்ணு சரிஞ்சா நீயும் சேர்ந்து வருவ!"

"அப்ப தோண்டாதே."

"எனக்கு வேலைம்மா இது!"

"எனக்கும்தான்."

பாட்ஸி தலையைச் சொறிந்தான். அவன் அம்மா ஆலைக்குக் கொண்டுவந்த பாலைப் பல வருஷம் சோதித்தவள் அவள். கன்னிஃப் காரில் பறந்து வந்தான். முதலில் சிரித்துப் பேசினான், பிறகு வக்கீல் என்றான், பிறகு பாட்ஸியைப் பார்த்து "ஓட்டுடா" என்று கத்தினான். பாட்ஸி பொக்லைனிலிருந்து இறங்கி, சாவியைக் கன்னிஃப் கையில் வைத்தான். "மேல ஆள் உட்கார்ந்திருக்க, கீழ நான் தோண்ட மாட்டேன். நீ வேணா ஏறி ஓட்டு." கன்னிஃபுக்கு ஓட்டத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை குழியில் வேலை இல்லை. தேவாலயத்தில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோன்சி கடைசி வரிசையில் இருந்து நேராக வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை, அத்தனை வாரம் காணாமல் போயிருந்த மழை வந்துவிட்டது. டிம்ப்னா மறுபடி அதே இடத்தில். குடையைக் காற்று இரண்டு தரம் புரட்டிப்போட, மடக்கிக் கீழே வைத்துவிட்டு நனைந்தாள். பயமில்லை என்று சொல்ல முடியாது. ஈரமான விளிம்பிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உருண்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்காலியை ஒரு அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எழுந்து போகவில்லை.

பதினோரு மணிக்கு ஃபோன்சி வந்தான். அவன் தனியாக வந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"இது என் நிலம்."

"தெரியும்டா. போலீஸைக் கூப்பிடு. சார்ஜென்ட் வந்து நாற்காலியோட தூக்கிட்டுப் போகட்டும்."

"ஊரே சிரிக்குது, டிம்ப்னா!"

"சிரிக்கட்டும். விடுமுறைதானே, வேற என்ன வேலை அவங்களுக்கு."

ஃபோன்சியின் தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. குரலைத் தாழ்த்தினான். "தொழுவத்துக் கூரை இந்த மாரியைத் தாங்காது. என் பெரிய பொண்ணு செப்டம்பர்ல காலேஜ் போறா. மார்ட்டி குத்தகையை முறிச்சுட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? செத்துப்போன எவனோ குவிச்ச மண்ணு உனக்குப் பெரிசு. உன் கூடப் பிறந்தவன் பெரிசில்ல."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது.

"உன் கூரை வேண்டாம்னு நான் சொன்னேனா?" என்றாள். "வடக்கு முனை முழுக்க உன்னுதுதானே, அங்கயும் சரளைதான். மேல களிமண்ணு இருக்கு, அதை வழிச்சு எடுக்கணும், கொஞ்சம் சிரமம். மார்ட்டிக்கு இங்கதான் சுலபம். அவன் சுலபத்துக்கு நான் எழுந்திருக்கணுமா? கையெழுத்துப் போட்டது நீ, ஃபோன்சி. முப்பதுன்னு எழுதியிருந்ததுல போட்ட. நான் அதைத்தான் கேக்கறேன். முப்பத்தொண்ணு கேக்கல."

ஃபோன்சி குழியைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்க்கவில்லை. சேற்றில் சறுக்கிக்கொண்டே திரும்பிப் போனான். போலீஸ் வரும் என்று மாலை வரை அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேங்கன் காகிதத்தோடு வந்து சேர்ந்தார். கன்னிஃப் அதை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். டிம்ப்னா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்பைக் கனலவிட்டு, ஐந்து நாள் சளியில் படுத்தாள்.

அக்டோபரில் மேங்கன் நாலு ஆட்களோடு வந்து அகழிக்குக் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால் மட்டும் வெட்டிப் பார்த்தார். கறுப்புச் சேற்றுக்குள் பின்னிய மரக்கிளைகளும், உடைந்த குடமும், ஒரு காலணியின் தோல் அடியும் கிடைத்தன. உள்ளங்கை நீளம்கூட இல்லை. சின்னக் குழந்தையின் கால். தட்டில் நீரில் மிதந்த அதை டிம்ப்னா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்தக் கால்?" என்று கேட்டாள்.

"இடது கால்" என்றார் மேங்கன்.

அகழியின் வெளி ஓரத்திலிருந்து முப்பது மீட்டர் என்று புதுக் கோடு போட்டுக் கற்கள் நட்டார்கள். கன்னிஃப் முணுமுணுத்துக்கொண்டே வடக்கு முனைக்குப் போனான். களிமண்ணை வழித்துவிட்டுச் சரளை எடுத்தான், குத்தகைக் காலம் முழுக்க எடுத்தான். ஃபோன்சியின் தொழுவத்துக்குக் கூரை வந்தது. பெரியவள் காலேஜுக்குப் போனாள். ஆனால் ஃபோன்சி அக்காவோடு பேசவில்லை. பதினாலு மாதம். கிறிஸ்துமஸ் அன்றுகூட அவன் மனைவிதான் கேக்கைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். டிம்ப்னா எதிரில் வரும் டிராக்டருக்கு ஒவ்வொரு தரமும் கையை உயர்த்தினாள். பதில் வந்ததில்லை. அடுத்த தரமும் உயர்த்தினாள்.

நடுவில் சட்டம் அவளையும் பிடித்துக்கொண்டது. வருஷாந்திரச் சோதனைக்கு வந்த மேங்கன் மேற்குச் சரிவைக் காட்டினார். டிம்ப்னாவின் கிடாரிகள் மாரி முழுக்க ஏறி இறங்கிப் புல்லை உரித்திருந்தன. உள்ளே மண் தெரிந்தது.

"கனமான மாடு இங்க மேயக் கூடாது மிஸ் கீகன்."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து மேயுது!"

"அதான் தேய்ஞ்சிருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. வாசல் வரை அவரை அனுப்பக்கூடப் போகவில்லை. மறுநாள் மழை நின்றதும் தானே போய்ப் பார்த்தாள். குளம்புத் தடத்தில் கையை வைத்தாள். மணிக்கட்டு வரை போயிற்று. அந்த வாரச் சந்தையில் ஏழு கிடாரிகளையும் விற்றுவிட்டு, பன்னிரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டை அவளுக்குப் பிடிக்காது. இன்றுவரை பிடிக்காது. காலையில் எழுந்து அதுகளைத் திட்டிக்கொண்டேதான் தீனி போடுவாள்.

அடுத்த வருஷம் அக்டோபரில், மாடுகளுக்குக் காசநோய்ச் சோதனை செய்ய மாட்டு மருத்துவர் வந்த நாளில் ஃபோன்சியின் வேலையாள் வரவில்லை. மருத்துவர் மாட்டை அடைக்கும் கூண்டருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபோன்சி சாலையோரத்து வீட்டின் கதவைத் தட்டினான்.

"மாட்டை உள்ள தள்ள ஒரு ஆள் வேணும்."

டிம்ப்னா பூட்ஸைத் தேடினாள். "எத்தனை?"

"நாப்பத்தெட்டு."

"அந்தச் சிவப்புக்காளை இருக்கானா இன்னும்?"

"இருக்கான். உன்னை மாதிரியே. நகர மாட்டான்."

"அப்ப அவனை எங்கிட்ட விடு."

நாலு மணி நேரம் சேற்றில் நின்றார்கள். மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிந்ததும் அவன் வீட்டில் ஹாமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாள், பதினாலு மாதத்தில் முதல்முறையாக.

இப்போது அவளுக்கு எழுபத்தெட்டு. போன வருஷக் கடைசியில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். ஆறு மாதம் மேடு பள்ளம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். மேட்டின் முட்புதரைப் பறவைகள் கூடு கட்டுவதற்கு முன்னால், பிப்ரவரிக்குள், கைவாளால் மட்டும்தான் அறுக்க வேண்டும். வேரைப் பிடுங்கினால் மண் வந்துவிடும். ஒரு வருஷம் விட்டால் புதர் சரிவு முழுக்கப் படர்ந்து புல்லைக் கொன்றுவிடும். கடந்த பிப்ரவரிக் கடைசியில் ஃபோன்சி ஊன்றுகோலோடு சாலையில் வந்தபோது, மேட்டின் பாதி உயரத்தில் ஒரு சிவப்புத் தொப்பி அசைவதைப் பார்த்தான்.

"ஏய் டிம்ப்னா! ஒன்பதாவது வாரம்தானே ஆகுது! எப்படி ஏறின?"

"பக்கவாட்டுல!"

"விழுந்தா நான் தூக்க மாட்டேன்! எனக்கே கால் இல்ல!"

"உன்னை யார் கூப்பிட்டா?"

"இறங்குடி! என் பையனை வரச்சொல்லி நாளைக்கு அறுத்துக்கலாம்!"

"நாளைக்கு மார்ச் ஒண்ணாந்தேதி. அறுக்கக் கூடாது" என்றாள் டிம்ப்னா, திரும்பிப் பார்க்காமல். "இன்னும் ரெண்டு புதர் இருக்கு. நீ போய்த் தேநீருக்குத் தண்ணி வை."

ஃபோன்சி வேலியில் சாய்ந்து ஒரு புதர் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீர் வைக்கப் போனான்.